ஓர் இட்லிக்குப் பத்து மாடி

எடை குறைக்கப் படி ஏறப்போகிறேன் என்று கிளம்புகிறவருக்கு முதலில் ஒரு கணக்கைக் காட்டிவிடுவது நல்லது. பின்னால் மனம் வெறுத்துப்போகாது.

எழுபது கிலோ எடையுள்ளவர் ஒரு படி ஏற ஏறத்தாழ 0.15 கலோரி செலவாகிறது. ஒரு படி இறங்க 0.05 கலோரி. மாடிக்கு 20 படி என்று வைத்துக்கொண்டால், ஒரு மாடி ஏறி இறங்க 4 கலோரி. பத்து மாடி ஏறி இறங்கினால் 40. வீட்டில் வார்க்கும் சின்ன இட்லி ஒன்றில் இருப்பது கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஓட்டல் இட்லி என்றால் இன்னும் நாலு மாடி ஏற வேண்டியிருக்கும். மெதுவடையின் கணக்கை இங்கே எழுதினால் இந்த அத்தியாயத்தை யாரும் மேலே படிக்க மாட்டார்கள்.

வருடக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. தினம் 40 வீதம் 365 நாளுக்கு 14,600. ஒரு நாளும் தவறாமல் ஏறி, சாப்பாட்டில் ஒரு வாய்கூடக் கூட்டாமல் இருந்தால் வருடத்தில் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கலாம். ‘இன்று படி ஏறினோமே’ என்ற தெம்பில் சாயங்காலம் ஒரு பஜ்ஜி கூடுதலாக உள்ளே போனால் அதுவும் இல்லை. எடை இறங்குவது பெரும்பாலும் தட்டில்தான் தீர்மானமாகிறது. சாப்பாட்டைக் குறைக்கும்போது கொழுப்போடு சேர்ந்து தொடைச் சதையும் கரையாமல் பார்த்துக்கொள்வது படிக்கட்டின் வேலை.

அப்படியென்றால் இதற்கு ஓர் அத்தியாயம் எதற்கு? அதே 40 கலோரியை ரத்தச் சர்க்கரையின் பக்கம் நின்று பார்த்தால் கதையே வேறு.

ஒரு டீஸ்பூன் சர்க்கரை

வளர்ந்தவர் உடம்பில் ஓடும் ரத்தம் ஏறத்தாழ 5 லிட்டர். சர்க்கரை 100 என்று ரிப்போர்ட் சொன்னால், 100 மில்லி ரத்தத்தில் 100 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கிறது என்று பொருள். பெருக்கிப் பாருங்கள்: மொத்த ரத்தத்துக்கும் சேர்த்து 5 கிராம். ஒரு டீஸ்பூன். ரிப்போர்ட்டில் 200 என்று வந்து வீடே கவலைப்படும் நாளில் ரத்தத்தில் இருப்பது இரண்டு டீஸ்பூன், அவ்வளவுதான்.

நாலு இட்லி சாப்பிட்டால் 30 கிராமுக்கு மேல் மாவுச்சத்து குளுக்கோஸாகி, அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்தில் குடலிலிருந்து ரத்தத்துக்கு வந்து சேரும். ஒரு டீஸ்பூனுக்கு மட்டும் இடமிருக்கும் பாத்திரத்தில் ஆறு டீஸ்பூன் வந்து விழுகிறது. வழியாமல் இருக்க வேண்டுமென்றால் வரவர அள்ளி வேறெங்காவது வைக்க வேண்டும். அந்த இடங்களில் மிகப் பெரியது தசை. தசைக்குள் குளுக்கோஸ் நுழைய ‘குளுட்-4’ என்ற கதவுகள் உண்டு. சும்மா இருக்கும்போது அவை தசைச் செல்லுக்குள்ளே ஒதுங்கிக் கிடக்கும். இன்சுலின் வந்து தட்டினால் மேற்பரப்புக்கு வரும். இரண்டாம் வகை நீரிழிவில் இந்தத் தட்டல் சரியாகக் காதில் விழுவதில்லை.

ஆனால் அதே கதவுகள் தசை சுருங்கி விரியும்போதும் மேலே வருகின்றன. அதற்கு இன்சுலினின் தயவு தேவையில்லை. படி ஏறும்போது வேலை செய்பவை தொடை, பிட்டம், ஆடுசதை. உடம்பிலேயே பெரிய தசைகள் இவைதான். பத்து மாடிக்குச் செலவாகும் 40 கலோரியைக் குளுக்கோஸாக மாற்றினால் 10 கிராம் வரும். ரத்தத்தில் எந்த நேரமும் இருக்கும் மொத்தச் சர்க்கரையைப் போல் இரண்டு மடங்கு. அத்தனையும் ரத்தத்திலிருந்தே எடுக்கப்படுவதில்லை. தசையின் சொந்தச் சேமிப்பும் கொழுப்பும் அதில் பங்கு போடும். ஆனாலும் எடைத் தராசில் தூசியாகத் தெரிந்த அளவு, சர்க்கரைத் தராசில் முள்ளை அசைக்கிறது.

இதிலிருந்து கிடைப்பது ஒரே ஒரு விதி: எத்தனை மாடி என்பதைவிட எப்போது ஏறுகிறோம் என்பது முக்கியம். சர்க்கரை ரத்தத்துக்குள் வந்துகொண்டிருக்கும் நேரத்தில் ஏற வேண்டும். அதாவது, சாப்பிட்ட பின்.

ஜப்பானிய ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்று இதை நேராகவே சோதித்தது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள் சாப்பிட்டு 60 நிமிடம் ஆனதும் ஒரு தடவை, 120 நிமிடம் ஆனதும் ஒரு தடவை, மும்மூன்று நிமிடம் படி ஏறி இறங்கினார்கள். 21 படியை ஓரளவு விறுவிறுப்பாக ஏறுவது, நிதானமாக இறங்குவது, இப்படி ஆறு முறை. சும்மா உட்கார்ந்திருந்த நாளோடு ஒப்பிட்டால், சாப்பிட்ட இரண்டரை மணி நேரத்தில் அவர்களுடைய சர்க்கரை குறைவாக இருந்தது. உடை மாற்றவில்லை, பூங்காவுக்குப் போகவில்லை. டிவி தொடருக்கு நடுவில் விளம்பரம் ஓடும் நேரம்தான் மொத்தமும்.

உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்பார்கள். அந்த மயக்கத்தில் சாயும் அரை மணி நேரம்தான், தசை அசையாததால் அதன் கதவுகள் சரியாகத் திறக்காத நேரமும்.

பேருந்தின் படி

படிக்கட்டுக்கும் உடம்புக்கும் உள்ள உறவை உலகம் கவனித்தது லண்டன் மாடிப் பேருந்துகளில். ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் அங்கே ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953-இல் ‘லான்செட்’ இதழில் ஆய்வு வெளியிட்டார். இருவருக்கும் ஒரே பேருந்து, ஒரே நிறுவனம். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க ஒரு நாளைக்கு ஏறத்தாழ 600 படி ஏறுவார். மாரடைப்பு நடத்துநர்களிடம் குறைவாக இருந்தது.

மாரிஸ் அதோடு விடவில்லை. 1956-இல் சீருடைக் கணக்கை எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு நடத்துநர்களுடையதைவிடப் பெரிது. வேலையில் சேர்ந்த காலத்திலேயே அப்படித்தான் இருந்தது. ஆக, எல்லாப் புகழும் படிக்கட்டுக்கே போய்ச் சேராது. ஓரளவு உடல்வாகும் காரணம். தன் முடிவைத் தானே சந்தேகித்த அந்த நேர்மையை நாமும் கடைப்பிடிக்கலாம். படிக்கட்டு ஒரு துணை. மாத்திரைக்கும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டுக்கும் அது மாற்று இல்லை.

இறங்குவதும் கணக்கில் உண்டு

ஏறுவதுதான் பயிற்சி, இறங்குவது ஓய்வு என்று நினைக்கிறோம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் எடையைப் பிடித்து நிறுத்துகிறது. மூச்சு வாங்காது, ஆனால் தசைக்கு அது கடுமையான வேலை. தைவானில் உடல் பருமனுள்ள வயதான பெண்களை வைத்து 12 வாரம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. ஒரு குழு ஏற மட்டும் செய்தது. மற்றது லிஃப்ட்டில் மேலே போய் இறங்க மட்டும் செய்தது. இன்சுலினுக்கு உடல் இணங்கும் தன்மை இறங்கிய குழுவில்தான் அதிகம் மேம்பட்டது. ஆஸ்திரிய ஆல்ப்ஸில் ரோப் கார் துணையோடு செய்த ஆய்விலும், மலை இறங்கியவர்களுக்கு உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் கூடியது. ஏறியவர்களுக்கு ரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்பு குறைந்தது.

முழங்கால்தான் இதற்கு விலை கொடுக்கிறது. செயற்கை மூட்டுக்குள் அளவி பொருத்திப் பார்த்ததில், சமதரையில் நடக்கும்போது மூட்டின் மேல் விழும் சுமை உடல் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு; படி ஏறும்போது மூன்று மடங்குக்கு மேல்; இறங்கும்போது மூன்றரை மடங்கை நெருங்குகிறது. மூட்டு நன்றாக இருப்பவர் ஏறவும் இறங்கவும் செய்யலாம். மூட்டு வலி உள்ளவர் ஏறிவிட்டு லிஃப்ட்டில் இறங்கினால் அது தப்பாட்டம் ஆகாது.

ஏறும் முன் கேட்க வேண்டியவை

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

- நெஞ்சு வலி, இதய நோய், ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்த வரலாறு.
- கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம்.
- சர்க்கரையால் விழித்திரையில் ரத்தக் கசிவு, அண்மையில் கண்ணில் லேசர் சிகிச்சை.
- காலில் ஆறாத புண், அல்லது பாதம் மரத்துப்போயிருத்தல். படி எங்கே முடிகிறது என்று காலுக்குத் தெரியாவிட்டால் விழுவது நிச்சயம்.
- அடிக்கடி தலைசுற்றல், கடுமையான மூட்டுத் தேய்மானம், கர்ப்பம்.

இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ‘லோ சுகர்’ ஆகக்கூடியவர்கள். ஏறும் முன் ஒரு தடவை மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு, அகோரப் பசி வந்து, மீட்டர் 70-க்குக் கீழே காட்டினால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சாக்லேட் வேண்டாம்; அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அந்த மாத்திரைகள் சாதாரணச் சர்க்கரை செரிப்பதைத் தடுத்து நிறுத்தும். அவர்கள் கையில் இருக்க வேண்டியது மருந்துக்கடையில் விற்கும் குளுக்கோஸ் பொடி.

சர்க்கரை 250-ஐத் தாண்டி, கூடவே உடம்புக்கு முடியாமல் இருந்தால் அன்று படிக்கட்டுக்கு விடுமுறை.

ஏறும் விதம்

வெறும் கால் வேண்டாம், தேய்ந்த ரப்பர் செருப்பும் வேண்டாம். பின்பக்கம் பட்டை வைத்த செருப்போ ஷூவோ போதும். வேட்டியை மடித்துக் கட்டுங்கள். புடவைக் கொசுவம் தடுக்காமல் தூக்கிச் செருகுங்கள். நைட்டியின் ஓரம் தரையில் புரளக் கூடாது. போன் பையில் இருக்கட்டும்.

பாதம் முழுதும் படியில் பதியட்டும். குதிகாலை ஊன்றி உடம்பை மேலே தள்ளுங்கள். அப்போதுதான் பிட்டத் தசை வேலைக்கு வரும். முழங்கால் உள்பக்கமாகச் சாயாமல் கால்விரல்களின் நேரே இருக்கட்டும். கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுக்காதீர்கள். கை அதன் மேல் படிந்திருந்தால் போதும். இறங்கும்போது மட்டும் பிடித்தே இறங்குங்கள். படியில் விழுகிறவர்கள் பெரும்பாலும் இறங்கும்போதுதான் விழுகிறார்கள்.

ஒரு காலில் வலி இருந்தால் ஏறும்போது நல்ல கால் முன்னே போகட்டும். இறங்கும்போது வலிக்கிற கால் முன்னே போகட்டும்.

வேகத்துக்கு அளவுகோல் வாய்தான். ஏறிக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரரிடம் இரண்டு வரி பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. பேச்சே வராவிட்டால் வேகம் அதிகம். படி திரும்பும் இடத்தில் நின்று, மூச்சு சமநிலைக்கு வந்ததும் தொடருங்கள். தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு ஏறினால் பலன் கூடுமே என்று கேட்பார்கள். 20 லிட்டர் கேன் 20 கிலோ. மூட்டின் மேல் அது மூன்று மடங்காக இறங்கும். வேண்டாம்.

ஆறு வாரத் திட்டம்

நேரம்: சாப்பிட்டு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே ஏற வேண்டாம்.

- வாரம் 1: ஏதாவது ஒரு வேளை மட்டும். ஒரு மாடி ஏறி இறங்கி, மூச்சு வாங்கிவிட்டு இன்னொரு தடவை. அவ்வளவே.
- வாரம் 2: அதே வேளை, மூன்று தடவை.
- வாரம் 3: இரண்டு வேளை, மும்மூன்று தடவை. ஆடுசதை வலித்தால் ஒரு நாள் விட்டுச் செய்யுங்கள். புதிதாக இறங்கிய தசை ஓரிரு நாள் முறையிடும், பிறகு பழகிவிடும்.
- வாரம் 4: இரண்டு வேளை, இடையில் உட்காராமல் மூன்று நிமிடம்.
- வாரம் 5: மூன்று வேளையும் மும்மூன்று நிமிடம்.
- வாரம் 6: ஏறும்போது மட்டும் சற்று விறுவிறுப்பு. இறங்குவது எப்போதும் போல நிதானம்.

ஆறாவது வாரத்தில் நீங்கள் ஒரு நாளில் ஏறும் படியைக் கூட்டிப் பாருங்கள். ஜப்பானிய ஆய்வில் பார்த்த 21 படி, ஆறு முறை என்ற கணக்கில் மூன்று நிமிடத்துக்கு 126 படி வீதம், மூன்று வேளைக்கு 378. திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படி. தினம் ஒரு திருத்தணி, மூன்று தவணையில்.

தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விடாதீர்கள். உழைத்த தசை இன்சுலினுக்கு இணங்கி நடப்பது ஒன்று முதல் மூன்று நாள் வரைதான் நீடிக்கும். பிறகு பழைய குணம் திரும்பிவிடும். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு, அல்லது 75 நிமிடக் கடும் உழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தினம் ஒன்பது நிமிடப் படி வாரத்துக்கு 63 நிமிடம் ஆகிறது.  நடைப்பயிற்சி இருப்பவர்கள் அதை நிறுத்த வேண்டாம். இது அதற்கு மேல்.

உங்கள் மீட்டரே சாட்சி

நான் சொல்வதையும் நம்ப வேண்டாம். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் நாலு நாள் சோதனை ஒன்று செய்யுங்கள்.

நாலு நாளும் ஒரே காலை உணவு, ஒரே அளவு, ஒரே நேரம். மாத்திரையில் மாற்றம் கூடாது. முதல் நாளும் மூன்றாம் நாளும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருங்கள். இரண்டாம் நாளும் நாலாம் நாளும் ஒரு மணி நேரம் கழித்து மூன்று நிமிடம் படி. நாலு நாளும் சாப்பிடும் முன் ஒரு அளவு, சாப்பிடத் தொடங்கியதிலிருந்து சரியாக ஒன்றரை மணி நேரத்தில் ஒரு அளவு. கையைச் சோப்பால் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். விரலில் சட்னி ஒட்டியிருந்தால் மீட்டர் அதையும் சேர்த்து எண்ணும்.

இதில் ஒன்றை மறக்கக் கூடாது. வீட்டு மீட்டர்கள் 15 விழுக்காடு வரை கூடக் குறையக் காட்டலாம். 180-க்கும் 170-க்கும் உள்ள வேறுபாட்டை வைத்து மகிழவும் வேண்டாம், சோரவும் வேண்டாம். இரண்டு படி நாளும் இரண்டு உட்கார்ந்த நாளைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால் உங்கள் தசை வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மிக வேகமாக ஏறிய நாளில் சர்க்கரை சற்றுக் கூடித் தெரிந்தால் பயப்படாதீர்கள். கடும் உழைப்பில் சுரக்கும் அட்ரினலின் கல்லீரலிலிருந்து சர்க்கரையை இறக்கிவிடும். வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை வழக்கம்போல் செய்யுங்கள். எடை இயந்திரத்தைவிட இடுப்பில் டேப் வைத்து அளப்பது இங்கே அதிகம் சொல்லும்.

வழக்கமாக வரும் கேள்விகள்

*எங்கள் வீட்டில் மாடியே இல்லை.* வாசல் படி ஒன்று போதும். பக்கத்தில் சுவரோ தூணோ பிடிக்க இருக்க வேண்டும். வலது கால் மேலே, இடது கால் மேலே, பிறகு அதே வரிசையில் கீழே. ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை முதலில் வைக்கும் காலை மாற்றுங்கள்.

*பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறோம். மொத்தமும் ஏற வேண்டுமா?* வேண்டாம். பத்தாவது வரை லிஃப்ட்டில் போய், மீதி இரண்டை ஏறுங்கள். மாதம் ஆக ஆக லிஃப்ட்டிலிருந்து இறங்கும் மாடியைக் குறைத்துக்கொண்டே வரலாம்.

*காலையில் வெறும் வயிற்றில் ஏறலாமா?* இதயத்துக்கும் தசைக்கும் நல்லதுதான். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையைத் தணிக்கத்தான் வேண்டுமென்றால் அந்த நேரம் பொருந்தாது.

*எப்போது நிறுத்த வேண்டும்?* நெஞ்சில் இறுக்கம், தாடை அல்லது இடது கையில் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, கண் இருட்டல். இவற்றில் எது வந்தாலும் அங்கேயே படியில் உட்காருங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு நெஞ்சு வலி இல்லாமலேயே மாரடைப்பு வரலாம் என்பதால், மூச்சுத் திணறலை ‘வயசாகிவிட்டது’ என்று தள்ளிவிட வேண்டாம். உட்கார்ந்தும் தணியாவிட்டால் 108-ஐ அழையுங்கள்.

இன்றைக்கு ஒரு வேலை

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்று 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொன்னது. அந்த எண்ணை நாம் ஒன்றும் செய்ய முடியாது. கையில் உள்ள எண் வேறு ஒன்று.

இன்றிரவு ஏற வேண்டாம். உங்கள் வீட்டிலோ அடுக்ககத்திலோ ஒரு மாடிக்கு எத்தனை படி என்று எண்ணிப் பாருங்கள். எங்கே விளக்கு எரியவில்லை, எந்தப் படியின் ஓரம் உடைந்திருக்கிறது, எந்தத் திருப்பத்தில் யார் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டு வழியை மறிக்கிறது என்றும் கவனியுங்கள். பத்து வருடமாக அங்கே குடியிருப்பவர்களுக்கும் அந்த எண் தெரிந்திருக்காது. எண்ணி வந்து இந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள். நாளை இட்லி சாப்பிட்டு முக்கால் மணி நேரம் கழித்து அது தேவைப்படும்.